இலையுதிர் பருந்து

எங்களூர்க் கும்பாபிஷேகங்களில் ஒய்பி, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, தாமதமாக வருவார், கருடன் நேரத்துக்கு வரும். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவைச் சுற்றி எந்தத் தோட்டத்துக் கோயிலை எடுத்துக்கொண்டாலும் இதுதான் வழக்கம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் எங்கிருந்தோ ஒரு செம்பருந்து வந்து கோபுரத்தை ஒரு சுற்று சுற்றும். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். கோயில் தலைவருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பும். அது வராமல் போனால் அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு டீக்கடையில் அதே பேச்சாக இருக்கும்.

சில வருடங்களுக்கு முன்னால், மாசிக் கடைசியில் நடந்த கும்பாபிஷேகத்தில் கணக்கு தப்பியது. முகூர்த்தம் பத்து மணிக்குள். குருக்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, ஊற்றிவிட்டார். வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. தலைவர் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரைக்கு ஒய்பி வந்தார். மாலை, பொன்னாடை, மைக். "இந்தத் தோட்ட மக்களுக்காக..." என்று அவர் ஆரம்பித்தபோது பின்வரிசையில் ஒரு பையன் கத்தினான். பார்த்தால் கோபுரத்துக்கு மேலே, நல்ல உயரத்தில், சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டு பருந்துகள். ஒன்று இரண்டு இல்லை. நான் எண்ணியவரை 38. கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. ஒய்பி தன் பேச்சுக்குத்தான் இந்த மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும், இன்னும் பத்து நிமிடம் கூடுதலாகப் பேசினார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் கும்பிடவில்லை. முந்தானையால் கண்ணுக்கு நிழல் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒரு கோயிலுக்கு எதுக்குடி இத்தன கருடன்? இது எலயுதிர் பருந்து," என்றார்.

அப்படியொரு பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. புத்தகத்திலும் கிடையாது. அது அம்மாவும் அவருடன் மரம் வெட்டிய பெண்களும் வைத்த பெயர்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தின் பட்டையை உளியால் சீவி, மங்கு என்கிற கிண்ணத்தில் பால் எடுப்பது. அம்மா பதினேழு வயதில் உளி பிடித்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால் அண்ணாந்து பார்க்க நேரமும் இல்லை, பார்த்தாலும் வானம் தெரியாது. மேலே முழுக்க இலை. வருடத்தில் ஒரே ஒரு சமயம் மட்டும் இது மாறும். தை பிறந்த பிறகு ரப்பர் இலைகள் மஞ்சளாகி, செம்பு நிறமாகி, மொத்தமாகக் கொட்டும். மாசியில் காடு எலும்புக்கூடு. பால் வற்றும், வெட்டு குறையும், சம்பளமும் குறையும். கீழே காய்ந்த இலை முழங்கால் வரை கிடந்து, நடந்தால் அப்பளம் நொறுங்குவது மாதிரி சத்தம் வரும். மேலே முதல்முறையாக வானம்.

"அப்பதான் அது போவும். மங்குல பால் சொட்டுறதுக்குள்ள நாங்க ஒக்காந்து எண்ணுவோம். வெயில் ஏறினாத்தான் வரும், காலையில வராது. எல்லாம் வடக்காலதான் போவும். பங்குனியில புது எல வந்துருச்சின்னா மூடிக்கும். அப்புறம் அது போவுதா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

இந்த நாலு வாக்கியத்தைச் சரிபார்க்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அடுத்த மார்ச்சில் தஞ்சோங் துவானுக்குப் போனேன். ரந்தாவிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்தான். போர்ட் டிக்சனைத் தாண்டி, கடலுக்குள் மூக்கை நீட்டியிருக்கும் ஒரு காட்டுமுனை. நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் கணக்கில் மலாக்காவுக்குச் சொந்தம். மேலே போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கிய கலங்கரை விளக்கம். 2000ஆம் ஆண்டிலிருந்து மலேசிய இயற்கைக் கழகம் மார்ச் மாதத்தில் இங்கே பருந்து பார்க்க ஆட்களைக் கூட்டுகிறது. ஏறி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. அங்கிருந்தவர்கள் நூறு நூறாக எண்ணிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெயர் தேன் பருந்து. பெயரில் தேன் இருந்தாலும் அதற்குப் பிடித்தது தேனீ, குளவிக் கூடுகளில் இருக்கும் புழு. கொட்டு வாங்காமல் இருக்க முகத்தில் செதில் மாதிரி கெட்டியான சின்னச் சின்ன இறகுகள். தலை புறாத் தலை அளவுதான், கழுத்து கொஞ்சம் நீளம். உடம்புக்கும் தலைக்கும் பொருத்தமே இல்லாத மாதிரி பறக்கும். வடகிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் வந்து பூச்சி இல்லாமல் போகும்போது தெற்கே இறங்கும். ஜப்பானில் இவற்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டிப் பார்த்திருக்கிறார்கள்; நம் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பிலிப்பீன்ஸ் வரை வருகின்றன. திரும்பிப் போகும்போது சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்ட வேண்டும்.

சிக்கல் அங்கேதான். பருந்து இறக்கை அடித்துப் பறக்கிற சாதி இல்லை. வெயிலில் தரை காய்ந்து மேலெழும் வெதுவெதுப்பான காற்றில் ஏறிச் சுற்றி, உயரம் பிடித்து, அப்படியே சறுக்கிக்கொண்டு போகும். கடலுக்கு மேலே அந்தக் காற்றுத் தூண் எழாது. அதனால் இருப்பதிலேயே குறுகலான இடம் பார்க்கிறது: ரூப்பாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்கு 38 கிலோமீட்டர். அந்தப் பக்கம் தரை சூடான பிறகுதான் கிளம்பும். அதனால்தான் அம்மா சொன்ன "வெயில் ஏறினாத்தான் வரும்". இந்தப் பக்கம் வந்து சேரும்போது உயரமெல்லாம் தீர்ந்து, நம் கண்மட்டத்தில், கஷ்டப்பட்டு இறக்கை அடித்துக்கொண்டு வரும். ஒன்று என் தலைக்கு மேலே பத்தடியில் போனது. மஞ்சள் கண். வாய் திறந்திருந்தது. இறக்கையில் ஒரு இறகு ஒடிந்து தொங்கியது. காட்டுமுனையைத் தொட்டதும் சூடான காற்று ஒன்று கிடைக்க, இறக்கை அடிப்பதை நிறுத்தியது. யாரோ கயிறு கட்டி மேலே இழுத்த மாதிரி ஏறிக்கொண்டே போய்ப் புள்ளியானது. அதற்குப் பிறகுதான் எங்கள் கோயில் கோபுரமும் ஒய்பியின் பேச்சும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதான் நான் சொன்னேன்ல," என்றார்.

எனக்குத் தொழில் தோட்ட ஆபீஸில். கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. அம்மா வெட்டிய ரப்பர் காட்டை அழித்து நட்ட, பாமாயில் தரும் செம்பனையில்தான் எனக்குச் சம்பளம். செம்பனைக்கு இலையுதிர் காலம் கிடையாது. வருடம் முழுக்க ஒரே பச்சை, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே அறுவடை, மட்டையோடு மட்டை பின்னி நிரந்தரக் கூரை. "மலேசியாவில் ஏது பருவம், மழை வரும், அதிக மழை வரும்" என்று நானே சொல்லியிருக்கிறேன். கும்பாபிஷேகத்துக்குப் பிறகு புத்தி வந்தது. ஆபீஸில் மழை அளவு எழுதும் புத்தகம் ஒன்று உண்டு; அதன் ஓரத்தில் பென்சிலால் குருவிகளையும் எழுத ஆரம்பித்தேன். மேனேஜர் ஒருநாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் படி எங்களூரில் வருடம் செப்டம்பரில் பிறக்கிறது. ஆபீஸுக்குப் பின்னால் உரஸ்டோரின் வேலிக்கம்பியில் ஒரு கீச்சான் வந்து உட்காரும். பழுப்பு முதுகு, கண்ணுக்குக் குறுக்கே கொள்ளைக்காரன் கட்டிய மாதிரி கறுப்புப் பட்டை. கைக்குள் அடங்கும் உடம்பு, ஆனால் வெட்டுக்கிளியை முள்கம்பியில் குத்திவைத்துக் கிழித்துத் தின்னும். சைபீரியா, மங்கோலியா, சீனப் பக்கமிருந்து வருவது. வந்த முதல் இரண்டு வாரம் தொண்டை கிழியக் கத்தும். இது என் வேலி, இது என் கம்பம் என்று மற்றக் கீச்சான்களுக்குப் பட்டா வாசிக்கிறது. பிறகு ஏழு மாதம் ஆளே தெரியாமல் இருக்கும். போன வருடம் இருந்த இடத்துக்கே திரும்பி வருவது இவற்றின் குணம். என் கம்பியில் இருப்பது அதே ஆளா என்று சத்தியம் பண்ண முடியாவிட்டாலும், எனக்கு அது அதே ஆள்தான். 2015இல் சுமத்ராப் புகை வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அந்தப் புகைக்குள்ளும் வந்து உட்கார்ந்து கத்தியது. அம்மாவிடம் கேட்டால் அதற்கும் ஒரு தேதி வைத்திருந்தார்: "ரப்பர் கொட்ட வெடிக்கிற மாசம்."

கீச்சானுக்குப் பின்னாடியே நீலவால் பஞ்சுருட்டான்கள், கடைத்தெருக் கம்பிகளில் தகைவிலான்கள். தகைவிலானை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் பெந்தோங்குக்குப் போக வேண்டும். சாயங்காலம் டவுன் கம்பிகளில் மணி கோத்த மாதிரி ஆயிரக்கணக்கில் உட்காரும், கீழே கார் நிறுத்துகிறவன் வெளியூர்க்காரன் என்று அர்த்தம். எங்களூரில் அவ்வளவு கிடையாது.

தமிழ்ப்பள்ளித் திடலில் வந்து இறங்கும் உப்புக்கொத்திகளை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. புல் நிறம், ஓடுவதும் நிற்பதும் ஓடுவதுமாக இருக்கும். ஆர்க்டிக் ஓரத்துத் துந்திராவில் கூடு கட்டுகிற பறவை, எங்கள் பிள்ளைகள் ரிலே ஓடும் கோட்டுக்கு மேலே புழு பொறுக்குகிறது. மார்ச், ஏப்ரலில் அவற்றின் வயிற்றில் மை தெளித்த மாதிரி கறுப்பு விழ ஆரம்பிக்கும். கல்யாண உடை. முழுக்கக் கறுப்பதற்குள் கிளம்பிவிடும். கறுப்பாகி முடிந்ததை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

வருவதும் போவதும் இவை. வந்து போகாமலேயே தங்கிவிட்டவர்களின் கதை வேறு.

எங்கள் பாட்டி அமாவாசை தவறாமல் லயத்து வேலித்தூணில் சோறு வைப்பார். "நம்ம ஊரு காக்கா, நம்ம சோத்தத் திங்கும்" என்பார். நம்ம ஊர் என்றால் சேலம் பக்கம். பாட்டி ரஜூலா கப்பலில் வந்தவர். பாட்டி சொன்னது பாதி சரி என்று எனக்குத் தெரிய வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கழுத்து சாம்பலாக இருக்கும் இந்தக் காகம் இந்த மண்ணுக்கு உரியதல்ல. நூறு வருடத்துக்கும் முன்னால், காப்பித் தோட்டங்களில் புழு கூட்டமாக இலை தின்கிறது என்று சிலோனிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டவை. தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்த காக்காய்! காப்பி தோற்றது, விலை விழுந்தது, ரப்பர் வந்தது. புழு பொறுக்கும் வேலை போய்விட்டாலும் காகம் குப்பைத்தொட்டியைக் கண்டுபிடித்துப் பிழைத்துக்கொண்டது. பெருகிவிட்டது என்று பிறகு துப்பாக்கி வைத்துச் சுட்டார்கள். இந்தக் கதையை நான் எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பை நிறுத்துவார்கள். நான் மேற்கொண்டு எதுவும் சொல்வதில்லை.

காகத்தின் பின்னால் குயிலும் குடியேறியது. முன்பு அது இங்கே வடக்கிலிருந்து குளிருக்கு வந்து போகும் விருந்தாளி. முட்டை போடக் காக்காய்க்கூடு தாராளமாகக் கிடைத்த பிறகு தங்கிவிட்டது. இப்போது எங்கள் தாமானில், குடியிருப்பில், விடியற்காலை நாலரைக்கே ஆரம்பிக்கிறது. கவிதையில் குயில் இனிமை. ஜன்னலுக்கு வெளியே நாலரை மணிக்கு, ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏற்றிக்கொண்டே போகும் குயில் எப்படி இருக்கும் என்று அந்தக் கவிஞர்களை ஒருநாள் எங்கள் வீட்டில் தங்கவைத்துக் கேட்க ஆசை.

காக்காய் என்றதும் இன்னொன்று. ஆபீஸில் என்னைத் தமிழர்கள் கிராணியம்மா என்பார்கள். இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் மலாய் முறைப்படி அக்கா என்று கூப்பிடுவார்கள். அந்த மொழியில் அக்காவுக்கு 'காக்கா'. முதல்முறை அம்மா ஆபீஸுக்கு வந்தபோது ஒருவன் வாசலிலிருந்து "காக்கா! காக்கா!" என்று கத்த, அம்மா வெளியே போய் மரத்தைப் பார்த்தார்.

அந்தப் பையன்களில் ஒருவனோடுதான் மாதத்துக்கு ஒருமுறை கூகைப் பெட்டி பார்க்கப் போவேன். செம்பனையில் எலி பெரிய தொல்லை. பழுக்கிற குலையில் ஏறி உட்கார்ந்து சதையைச் சுரண்டித் தின்னும். கூகை எலி தின்னும். 1960கள் வரை தீபகற்பத்தில் கூகை அரிது. 1968இல் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கூடு கண்டார்கள். செம்பனைக்கு எலி வந்தது, எலிக்குக் கூகை வந்தது. ஆனால் செம்பனையில் பொந்து இல்லை, கூகைக்குக் கூடு கட்டவும் தெரியாது. அதனால் தோட்டங்களே பலகைப் பெட்டி அடித்துக் கம்பத்தில் நிறுத்திக் கொடுத்தன. எங்கள் தோட்டத்தில் பத்து ஹெக்டருக்கு ஒன்று. குவார்ட்டர்ஸ் கொடுத்து வேலைக்கு வைப்பது தோட்டத்துக்குப் புதிதா என்ன?

முதலில் ஆட்கள் ஏற மறுத்தார்கள். தமிழர்களுக்குக் கூகை அலறினால் சாவு. மலாயில் ஆந்தைக்குப் பெயரே 'பூரோங் ஹந்து', பேய்ப்பறவை. லொம்போக் தம்பி ஏணியில் ஏறுமுன் ஏதோ ஓதிக்கொள்வான். ஒருநாள் நானே ஏறினேன். பெட்டிக் கதவைத் திறந்ததும் ஒரு நாற்றம் முகத்தில் அறைந்தது. அமோனியாவும் செத்த எலியும். உள்ளே ஐந்து குஞ்சுகள். கூகை முதல் முட்டை போட்டதுமே அடைகாக்க உட்கார்ந்துவிடும். குஞ்சும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பொரியும். அதனால் ஐந்தும் ஐந்து அளவு, ஆயாக்கொட்டகையில் வரிசையில் நிறுத்திய பிள்ளைகள் மாதிரி. மூத்ததற்கு இதய வடிவ முகம் வந்துவிட்டது. கடைசி, பஞ்சு சுற்றிய மூக்கு, அவ்வளவுதான். ஐந்தும் சேர்ந்து தலையை இடமும் வலமும் ஆட்டி, குக்கர் விசில் அடிக்குமுன் வருமே, அந்தச் சத்தத்தில் சீறின. மூலையில் தின்னாமல் வைத்திருந்த எலிகள் மூன்று.

பெட்டிக்கு அடியில் கிடந்த உருண்டை ஒன்றைப் பேப்பரில் மடித்து ஆபீஸுக்குக் கொண்டுவந்து பேனா முனையால் பிரித்தேன். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் இப்படி உருட்டிக் கக்கும். கறுப்புக் கம்பளிக்குள்ளிருந்து இரண்டு மண்டையோடு வந்தது. நகம் அளவு, நொறுங்கவே இல்லை. முன்பற்கள் நான்கும் ஆரஞ்சு நிறம். ஒரே விழுங்கலில் போன உயிர், எலும்பு அலம்பி வைத்த மாதிரி. டீ கொண்டுவந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் என் மேசைக்கு டீ வைக்கவில்லை.

ஒரு வருடம் எலி கூடுகிறது என்று மருந்தை மாற்றினார்கள். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் மருந்து, முன்பைவிட வீரியமானது. தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். தள்ளாடும் எலிதான் பிடிக்கச் சுலபம். அந்த விஷம் கூகையின் உடம்பிலும் தங்கும். மூன்று மாதத்தில் என் புத்தகத்தில் பெட்டிக்குப் பெட்டி பூச்சியம். ஒரு பெட்டியின் கீழே ஜோடியாகக் கிடந்தன, மூக்கோரம் ரத்தம். லொம்போக் தம்பி குழி தோண்டினான், பேய்ப்பறவைக்கு. கூகை போனதும் எலி இன்னும் கூடியது. அதற்கு இன்னும் மருந்து கேட்டு ஆர்டர் டைப் பண்ணியது நான்தான். பிறகு மருந்தைக் குறைத்தார்கள். பெட்டிகள் மறுபடி நிறைய மூன்று வருடம் ஆனது.

அம்மாவுக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. முழங்கால் சரியில்லை, தஞ்சோங் துவான் ஏற்றம் நடக்காது. ஆனால் போன வருடம் ஏழாம் நம்பர்க் காட்டைச் சாய்த்தார்கள். நட்டு இருபத்தைந்து வருடம் ஆன செம்பனை மரம், மறுநடவு. மெஷின் வந்து ஒரே மாதத்தில் மொத்தமும் தரை. எனக்கு ஏழாம் நம்பரை மேப்பில்தான் தெரியும். அம்மாவுக்கு அது அவர் வெட்டிய காடு. சின்னக் கன்றுகளுக்கு மேலே, வெள்ளை வயிறும் கறுத்த தோளுமாக ஒரு சின்னப் பருந்து ஒரே இடத்தில் இறக்கை அடித்துக்கொண்டு நின்றது, எலிக்கு. மற்றபடி எதுவும் இல்லை, மேலே வானம் முழுசாக இருந்தது.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, பிளாஸ்கில் தேத்தண்ணி. பதினொரு மணிவரை ஒன்றும் வரவில்லை. அம்மா எந்த நிரை எங்கே போனது, ஸ்டோருக்குப் பால் தூக்கிப்போன பாதை எது என்று விரலால் காற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடத்தில் எல்லாம் கன்று. பதினொன்றேகாலுக்குத் தெற்கே ஒரு புள்ளி. பிறகு புள்ளிகள். வந்து எங்கள் தலைக்கு நேர்மேலே சுற்ற ஆரம்பித்தன.

அம்மா எண்ணினார். மரத்தை எண்ணுவது மாதிரி, உதட்டை அசைத்து, பத்துக்கு ஒருமுறை விரல் மடக்கி. அறுபத்து மூன்றில் கண் கூசி நிறுத்திக்கொண்டார்.

"மிச்சத்த நீ எழுதிக்க, கிராணியம்மா," என்று பிளாஸ்கைத் திறந்தார்.